சின்னத்துரையின் டர்பி

வள்ளிநாயகியின் சக்களத்தி ஓர் ஆண் குதிரை. சிவந்த மேனி, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, மனிதரைப் பார்க்கிற பார்வையிலேயே ஓர் அலட்சியம். பெரிய துரை ஆஸ்திரேலியாவிலிருந்து சினையாக வரவழைத்த பந்தயக் குதிரை போட்ட குட்டி அது. அவர் வைத்த இங்கிலீஷ் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. அந்த மலாயா ரப்பர்த் தோட்டத்தில் துணை மேனேஜரைச் சின்னத்துரை என்பார்கள். அவருக்குக்கூடக் கிடைக்காத சாப்பாடும் சோப்புக் குளியலும் குதிரைக்குக் கிடைத்ததால், லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனங்கள் அவருடைய பட்டத்தைப் பிடுங்கி இதற்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் பெரிய துரை பெண்டாட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர்ப் பக்கம் ஓடினார். நிஜச் சின்னத்துரை அதற்கு முந்தின நாளே ஓடிவிட்டார். நாலு கால் இருந்தும் ஓடாமல் நின்றது குதிரை மட்டும்தான். கூடவே நின்றவன் குதிரைக்காரன் மாயாண்டி, வள்ளியின் புருஷன்.

மாயாண்டியைக் குறை சொல்ல முடியாது. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். வாயைத் திறந்தால் மட்டும் டர்பி, இங்கிலாந்தின் பெரிய குதிரைப் பந்தயம். துரை சாயங்காலம் விஸ்கியும் கையுமாகக் குதிரைக் கொட்டகைக்கு வந்து, பாதி மலாய் பாதி தமிழில் அளந்ததையெல்லாம் வேதம் போலக் கேட்டு வைத்திருந்தான். ரெம்பாவ் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போயிராத மனிதன், இங்கிலாந்துப் பந்தய மைதானத்தில் மேடு எது, இறக்கம் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான்.

"ரெண்டு பிரபுங்க, புள்ள. புதுசா ஒரு பந்தயம் வெக்கிறாங்க. யாரு பேர வெக்கிறதுன்னு காசைச் சுண்டிப் பாத்தாங்களாம். டர்பி பிரபு பக்கம் விழுந்துச்சு. இல்லாட்டி இன்னிக்கு அதுக்குப் பேரு பன்பரி!"

"தோத்தவரு சும்மா போயிட்டாராக்கும்?"

"எங்க போனாரு? மொத வருஷம் ஜெயிச்சதே அவரு குதிரதான்."

"அப்ப பேரு ஒருத்தருக்கு, பவுசு ஒருத்தருக்கு. நம்ம வீடு மாதிரிலா. பொண்டாட்டிங்கிற பேரு எனக்கு, கவனிப்பெல்லாம் அதுக்கு."

இந்த மாதிரிப் பேச்சு மாயாண்டியின் காதில் ஏறுவதில்லை. அவன் பாட்டுக்கு அடுத்ததுக்குப் போய்விடுவான். டர்பியில் மூன்று வயதுக் குதிரைதான் ஓட வேண்டும். இரண்டென்றால் பிஞ்சு, நாலென்றால் முற்றல். ஒரு குதிரைக்கு ஆயுசுக்கும் ஒரே ஒரு தடவைதான் அந்த வாய்ப்பு.

"கல்யாணம் மாதிரி" என்றாள் வள்ளி.

"கல்யாணமாச்சும் ரெண்டாவது பண்ணிக்கிடலாம்" என்று மாயாண்டி வாயைக் கொடுத்தான். அன்றைக்கு அவனுக்கு உப்பில்லாத மரவள்ளிக்கிழங்குதான் கிடைத்தது.

ஒரு காலத்தில் ஒருவன் நாலு வயதுக் குதிரையை மூன்று வயதென்று புளுகி ஓட்டி ஜெயித்த கதையும் அவனிடம் இருந்தது. வழக்கு கோர்ட்டுக்குப் போய், ஜட்ஜு குதிரையைக் கொண்டு வா என்றபோது குதிரையே காணாமல் போயிருந்ததாம். ராஜாவின் குதிரைக்குக் குறுக்கே ஒரு பெண் பாய்ந்து உயிரை விட்ட கதையும் இருந்தது. எதற்காக என்று வள்ளி கேட்டாள். பொம்பளைகளுக்கு ஓட்டுரிமை வேண்டுமென்று என்றான்.

"ஓட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவ புருஷனும் குதிரக்காரனா இருந்திருப்பான்."

எல்லாவற்றையும்விட அவன் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வது ஒன்று உண்டு. நூற்றறுபது வருஷத்துக்கு மேலாக டர்பி ஒரு வருஷம்கூட நின்றதில்லை. போன சண்டையிலும் நிற்கவில்லை, இந்தச் சண்டை தொடங்கியும் நிற்கவில்லை. இடத்தை மாற்றினார்களே தவிர ஓட்டத்தை விடவில்லை.

சண்டை அவர்கள் லயத்துக்குள்ளும் வந்துவிட்டது. ரப்பரை வாங்க ஆளில்லை. அரிசி கண்ணில் படுவது தீபாவளி மாதிரி ஆகிவிட்டது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை, சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் கேட்டார்கள். முதலில் கூலியும் அரிசியும் என்று ஆசை காட்டினார்கள். பிறகு ஆசை காட்டுவதையும் விட்டுவிட்டு லாரியில் ஏற்றினார்கள். போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. கெமாஸில் ரயில் ஏறும்வரை பார்த்தவர்கள் உண்டு, அதற்குமேல் பார்த்தவர் இல்லை. வள்ளியின் அண்ணன் வீரமுத்துவும் அப்படித்தான் போனான்.

மாயாண்டி மட்டும் தப்பித்திருந்தான். குதிரை ஜப்பான் சர்க்காரின் சொத்து என்று எழுதியாகிவிட்டது, அதைப் பராமரிக்கிறவன் சர்க்கார் ஆள். கையில் ஜப்பான் எழுத்துப் போட்ட ஒரு வெள்ளைத் துணிப்பட்டி கட்டிக்கொண்டு திரிந்தான். அந்தத் துணி அவன் கையில் இருக்கிறவரை ஆள் பிடித்துக் கொடுக்கிற மண்டோர் அவன் பக்கம் திரும்ப மாட்டார். ஆக, வள்ளியின் தாலி அவளுடைய சக்களத்தியின் கழுத்துக் கயிற்றில் கட்டியிருந்தது. இதை நினைத்தால் அவளுக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். ஆனாலும் தினமும் ஒரு கட்டுப் புல் அறுத்துக்கொண்டு போய்க் கொட்டகையில் போட்டுவிட்டு வருவாள்.

பங்குனி மாதத்தில் தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணி அமிர்தலிங்கம் வேர்க்க விறுவிறுக்க லயத்துக்கு வந்தார். மூன்று மாதம் செரம்பானில் நிப்பொங்கோ என்கிற ஜப்பான் பாஷை படித்துவிட்டு வந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லாரையும் 'இச்சி, நீ, சான், சி' என்று எண்ண வைப்பவர் அவர். முன்பு இங்கிலீஷ்காரனின் ராஜாவுக்குப் பாடிய அதே வாயால் இப்போது கிழக்கே பார்த்து வாழ்த்துச் சொல்கிறவர். அவரையும் குற்றம் சொல்வதற்கில்லை, அவருக்கும் பிள்ளை குட்டி உண்டு.

"மாயாண்டி, செரம்பானிலிருந்து ஒரு அதிகாரி வர்றான். தோட்டம் தோட்டமாப் போயி இருக்கிற குதிரையெல்லாம் பாரம் இழுக்கப் பட்டாளத்துக்கு ஏத்துறான். ஆனா ஆளு டர்பிப் பைத்தியமாம். அவங்க ஊர்லயும் ஒரு டர்பி இருக்காம், பத்து வருஷமா நடக்குதாம். டர்பி வயசுக் குதிரையா இருந்தா ஏத்த மாட்டான். அவங்க மன்னர் பொறந்த நாளுக்கு இங்கயே ஒரு டர்பி நடத்தப் போறானாம்."

மாயாண்டி துள்ளிக் குதித்தான். "ஐயா, நம்ம சின்னத்துரைக்கு டர்பி வயசுதாங்க! மூணு!"

"அப்ப சான்னு சொல்லு. அவன் கேட்டா நான் சான்னு சொல்வேன். உன்னைக் கேட்டா நீயும் சான். லயத்துல யாரக் கேட்டாலும் சான். புரியுதா?"

அன்றிலிருந்து லயம் முழுக்கச் சான்தான். அடுப்பூதிக்கொண்டிருக்கும் பெண்ணைக் கேட்டாலும் சான், ஆட்டுக்குப் புல் போடுகிறவனைக் கேட்டாலும் சான்.

அதிகாரி வந்தான். குள்ளமான மனிதன், கண்ணாடி போட்டவன், இடுப்பு வாள் தரையில் தட்டிவிடுமோ என்று பார்க்கிறவர்களுக்குப் பயமாக இருந்தது. பின்னால் ஒரு லாரி, அதில் ஏற்கெனவே இரண்டு குதிரைகள் தலையைத் தொங்கப் போட்டு நின்றன. சின்னத்துரையைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. சுற்றி வந்து பார்த்தான், கழுத்தைத் தடவினான். தன் ஊருக்குப் போய்விட்டு வந்த மாதிரி ஒரு பெருமூச்சு விட்டான். பிறகு கிராணியைப் பார்த்து வயதைக் கேட்டான்.

"சான்!" என்றார் கிராணி, நெஞ்சை நிமிர்த்தி.

அதிகாரியின் முகம் சுண்டிப்போனது. தலையை ஆட்டி ஏதோ சொல்லிவிட்டு லாரியைக் காட்டினான். கிராணிக்கு ஒன்றும் புரியவில்லை. டர்பி என்றால் மூன்று, அது ஊருக்கே தெரியும், இங்கிலாந்தில் தொடங்கிய நாளிலிருந்து மூன்றுதான் என்று தெரிந்த நிப்பொங்கோ எல்லாவற்றையும் போட்டு வாதாடினார். பளீரென்று ஓர் அறை விழுந்தது. கிராணியின் மூக்குக் கண்ணாடி ஒரு பக்கமும் தொப்பி ஒரு பக்கமும் போயின.

அதிகாரி மாயாண்டியின் பக்கம் திரும்பினான். கிராணி வாங்கிய அறையை மாயாண்டியும் பார்த்திருந்தான். ஆனாலும் பாடம் மறக்கவில்லை. மூன்று விரலைத் தூக்கினான்.

"சான் துவான்! சாமி சத்தியமா சான்! எங்க கல்யாணத்தன்னிக்குத்தான் பொறந்துச்சு. கல்யாணமாயி மூணே வருஷம்!"

கூட்டத்தில் நின்ற வள்ளிக்குச் சுருக்கென்றது. அந்தக் கல்யாண நாளை அவள் எப்படி மறப்பாள்? தாலி கட்டிய கை ஈரம் காயவில்லை, தாய்க்குதிரைக்குப் பிரசவ நோவு கண்டுவிட்டது என்று ஒருவன் வந்து சொன்னான். மாப்பிள்ளை மாலையோடு கொட்டகைக்கு ஓடிவிட்டான். அவள் ஒற்றை ஆளாக மணையில் உட்கார்ந்திருந்தாள். இன்னமும் அதை மன்னிக்கவில்லை. இப்போது இந்த மனிதனுக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷம் என்றுகூடத் தெரியவில்லை! பயமெல்லாம் எங்கோ போய், கோபம் மண்டைக்கு ஏறியது.

"மூணா? தையோட மூணு முடிஞ்சு நாலு நடக்குது! பொண்டாட்டி கட்டுன கணக்குத் தெரியல, நீரெல்லாம் ஒரு ஆம்பள!" என்று கத்திக்கொண்டே முன்னால் வந்தவள், ஜப்பான்காரனுக்கும் விளங்கட்டும் என்று நாலு விரலை அவன் முகத்துக்கு நேரே நீட்டி, பெரட்டில் எண்ணுகிற மாதிரியே "சி!" என்றாள்.

மண்டோர் தலையில் கை வைத்தார். மாயாண்டி அவளைப் பார்த்த பார்வையில் அவளுக்குச் சட்டென்று புத்தி வந்தது. ஐயோ, நானே என் புருஷனை லாரியில் ஏற்றிவிட்டேனே என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதிகாரி அவளுடைய நாலு விரலைப் பார்த்தான். பிறகு அவனும் நாலு விரலைத் தூக்கினான். "டாபி!" என்று உரக்கச் சிரித்தான். சின்னத்துரையின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தான். பார்த்து என்ன தெரிந்ததோ, திருப்தியாகத் தலையாட்டினான். லாரி இரண்டு குதிரைகளோடு மட்டும் திரும்பிப் போனது.

என்ன நடந்தது என்று கிராணி கன்னத்தில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே பிறகு விளக்கினார். ஜப்பான்காரர்கள் கணக்கில் பிறந்த அன்றைக்கே ஒரு வயது. வருஷம் பிறந்தால் இன்னொன்று. இங்கிலீஷ்காரனின் மூன்று வயதுக் குதிரை அவர்களுக்கு நாலு வயது. அவர்கள் ஊர் டர்பி நாலு வயதுக்குத்தான்.

"அப்ப நான் சொன்னதுதான சரி?" என்றாள் வள்ளி.

"நீ சொன்னது ஒன் கல்யாணக் கணக்கும்மா" என்று கிராணி முனகினார். அவருக்குக் கன்னம் இன்னும் வலித்தது.

ஆனால் சந்தோஷம் அன்றைக்குச் சாயங்காலம்வரைகூட நிற்கவில்லை. அதிகாரி போகும்போது சொன்ன மீதியையும் கிராணி சொல்லிவிட்டார். பந்தயம் ரெம்பாவ் திடலில், மன்னர் பிறந்த நாளில். அதுவரை குதிரையையும் குதிரைக்காரனையும் யாரும் தொடக்கூடாது. பந்தயம் முடிந்ததும் ஓடின குதிரைகள் எல்லாம் பட்டாளத்துக்கு.

"அப்ப இவரு?" என்றாள் வள்ளி.

கிராணி மாயாண்டியின் கையில் இருந்த துணிப்பட்டியைப் பார்த்தார். "குதிரை போனா குதிரைக்காரன் எதுக்கு? சயாமுக்கு ஆள் போதலைன்னு மண்டோரை நெருக்குறாங்க" என்று சொல்லிவிட்டு, அங்கே நிற்கப் பிடிக்காமல் போய்விட்டார்.

மாயாண்டிக்கு இதில் பாதிதான் காதில் விழுந்தது. டர்பி ஓடப்போகிறது என்ற பாதி. அன்றிலிருந்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை. விடியும் முன்னே செம்மண் சாலையில் குதிரையை ஓட்டினான், மத்தியானம் குளிப்பாட்டினான், சாயங்காலம் தேங்காயெண்ணெய் தடவினான். வீட்டில் தலைக்கு வைக்க ஒரு சொட்டு இல்லை. போட்டிக்கு வருகிற குதிரைகளைப் பற்றி விசாரித்து வைத்தான். ஒன்று கெமாஸ் பக்கத்துத் தோட்டத்துக் குதிரை. மற்றது செரம்பான் தெமியாங்கில் ஒரு தவுக்கே, சீன முதலாளி, வைத்திருந்த வண்டிக்குதிரை. அது எத்தனை காலமாக ஐஸ் வண்டி இழுக்கிறதென்று தெமியாங்கில் எல்லாருக்கும் தெரியும். அதிகாரி கேட்டபோது தவுக்கே கண்ணிமைக்காமல் நாலு விரலைத் தூக்கிவிட்டாராம்.

"அதெல்லாம் ஒரு குதிரயா? சின்னத்துரை கண்ண மூடிக்கிட்டே ஜெயிக்கும்!"

"ஜெயிச்சு?"

மாயாண்டி கையில் ஒட்டியிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டான்.

"ஏங்க, ஓடாம இருந்தா என்ன? ஒடம்பு சரியில்லன்னு சொல்லுங்களேன். ஓடுறவரைக்கும் ஒங்கள யாரும் தொட மாட்டாங்கல்ல?"

"ஆயுசுக்கு ஒரு தடவ புள்ள. அடுத்த வருஷம்னா வயசு போயிடும்."

"ஒங்க ஆயுசு?"

அவன் எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டான். வள்ளி அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். இத்தனை நாள் கேலியாகச் சொன்னதெல்லாம் நிஜம்தானா? இந்த மனிதனுக்கு நான் இரண்டாவதுதானா? அண்ணனைக் கொடுத்தாயிற்று. இவனையும் கொடுத்துவிட்டு, இவனோடு சண்டை போட்ட வாய்க்கு இனி என்ன வேலை? அவள் அழுது முடித்து மூக்கைச் சிந்திப் போட்டாள். மண்ணாங்கட்டி டர்பி, அது நிற்காவிட்டால் நான் நிறுத்துகிறேன் என்று தீர்மானித்தாள்.

பந்தயத்தன்று விடியற்காலையில் மாயாண்டி வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனதும், வள்ளி கொட்டகைக்குள் நுழைந்தாள். முந்தானையில் ஒரு சரளைக்கல் முடிந்திருந்தது. முன்பொரு மழைக்காலத்தில் குளம்பில் கல் சிக்கி இந்தக் குதிரை ஒரு வாரம் நொண்டியதும், அந்த ஒரு வாரம் மாயாண்டி சோறு இறங்காமல் கிடந்ததும் அவளுக்குத் தெரியும். கிட்டத்தில் போகவே அவளுக்குப் பயம். உதைத்தால் எலும்பு மிஞ்சாது. மாயாண்டி செய்கிற மாதிரியே "ஹோ, ஹோ" என்று சொல்லி, காலின் மேலிருந்து கீழே கையை ஓட்டினாள். சின்னத்துரை ஒரு பெருமூச்சு விட்டு, பெரிய மனது பண்ணிக் காலைத் தூக்கிக் கொடுத்தது.

குளம்பின் பள்ளத்தில் ஏற்கெனவே ஒரு கல் இருந்தது.

தற்செயலாகச் சிக்கின கல் இல்லை. விளிம்பு தேய்த்து, அளவு பார்த்து, விரலால் அழுத்தி வைத்த கல். வள்ளி காலைப் பிடித்தபடியே அசையாமல் நின்றாள். வாசலில் வாளி தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"எடுத்துடாத புள்ள" என்றான் மாயாண்டி.

அவள் காலை மெல்லக் கீழே விட்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தன் கல்லைக் காட்டினாள். அவன் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"இவ்ளோ பெருசா? காலு போயிருக்கும்லா."

"டர்பி ஒரு நாளும் நின்னதில்லன்னீங்க."

"அது நிக்காது. மத்ததுங்க ஓடும்" என்றான் அவன். குதிரையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பினான். அவன் அழுது அவள் பார்த்ததே இல்லை. அவளும் அந்தக் கழுத்தின் மறுபக்கத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். சின்னத்துரை இருவருக்கும் நடுவில் நின்று புல்லை மென்றது.

அதிகாரி லாரியோடு வந்தபோது மாயாண்டியின் கண் சிவந்து வீங்கிக் கிடந்தது. அவனே குதிரையின் காலைத் தூக்கிக் கல்லைப் பிடுங்கி அதிகாரியின் கையில் கொடுத்தான். குதிரை நாலடி நடந்து நொண்டியது. அதிகாரி சாலையைத் திட்டினான், கல்லைத் தூக்கி எறிந்தான், கடைசியில் மாயாண்டியின் தோளில் தட்டிக் கொடுத்தான். டர்பிக்காக இப்படி அழுகிற ஒருவனை அவன் அந்த நாட்டில் அதுவரை பார்த்ததில்லை போலும். கால் குணமாகிறவரை இந்த ஆள் குதிரையை விட்டு நகரக்கூடாது என்று கிராணியிடம் உத்தரவு போட்டுவிட்டுப் போனான்.

ரெம்பாவ் திடலில் டர்பி நடந்தது. ஐஸ் வண்டிக் குதிரைதான் ஜெயித்தது. கெமாஸ் குதிரை கூட்டத்தின் சத்தத்துக்கு மிரண்டு பாதியிலேயே வயலுக்குள் இறங்கிவிட்டதாம். சாயங்காலம் இரண்டையும் லாரியில் ஏற்றினார்கள். இந்தச் செய்தியைக் கேட்ட மாயாண்டி அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஐஸ் வண்டியா, ஐஸ் வண்டியா என்று புலம்பிக்கொண்டே இருந்தான். வள்ளி ஒன்றும் கேலி பேசவில்லை. பேசாமலிருக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

சின்னத்துரையின் கால் குணமாகிற வழியாக இல்லை. அதிகாரி எப்போது வந்து பார்த்தாலும் நொண்டியது. முதலில் கல் தேவைப்பட்டது. கொஞ்ச நாளில் கல்லே வேண்டியிருக்கவில்லை, லாரிச் சத்தம் கேட்டாலே அதுவாக நொண்ட ஆரம்பித்தது. இவ்வளவு புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது என்று வள்ளி அதைக் கேட்டாள். அதற்குள் அவள் தன் பங்குக் கிழங்கில் பாதியை அதற்குக் கொடுக்கத் தொடங்கியிருந்தாள்.

ஜப்பான்காரன் தோற்றுவிட்டான் என்று உறுதியாகத் தெரிந்த நாளில், மாயாண்டி கைத்துணியை அவிழ்த்து அடுப்பில் போட்டான். குதிரையைச் செம்மண் சாலைக்குக் கொண்டுபோய், சேணம்கூட இல்லாமல் ஏறி உட்கார்ந்தான். அது ஓடி வள்ளி பார்த்ததே இல்லை. அத்தனை காலம் நொண்டி நடித்த குதிரை, ரப்பர் மரங்களுக்கு நடுவே புழுதியைக் கிளப்பிக்கொண்டு அவளைக் கடந்து போனது. எதைக் கொடுத்துவிட்டு அவன் தன் பக்கத்தில் இருக்கிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

அவன் திரும்பி வந்து இறங்கினான். மூச்சு வாங்கியது.

"ஜெயிச்சிருக்கும், இல்லீங்க?" என்றாள்.

"ஜெயிச்சிருக்கும் புள்ள" என்றான் மாயாண்டி. கடிவாளத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, வீட்டைப் பார்த்து அவளோடு நடந்தான்.